வீட்டு இரவுச் சாப்பாட்டை ஆரோக்கியமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் சமைக்கிற சாப்பாட்டை மாற்ற புதிய சமையல் புத்தகமோ விலை கூடிய பொருள்களோ தேவையில்லை. வீட்டில் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் அதே பத்துப் பன்னிரண்டு வகைகளில் எண்ணெய், உப்பு, தானியம், காய், புரதம் ஆகியவற்றின் அளவைத் திருத்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள அளவுகள் நான்கு பேருக்கானவை. உங்கள் வீட்டுக்கேற்ப கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். புது எண்ணெய் பாட்டிலைத் திறக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதி வையுங்கள். உப்புப் பொட்டலத்திலும் அப்படியே. தீர்ந்ததும் கணக்குப் போடலாம்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் பத்து நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. அதில் மட்டும் சுமார் 200 கலோரி இருக்கிறது. ஒரு கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் குறைவு. வெளியில் வாங்கித் தின்னும் உப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை. பொரித்தபின் கொட்டிய எண்ணெயையும், பாஸ்தா வேகவைத்து வடித்த நீரோடு போன உப்பையும் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும் எண் பெரிதாகத்தான் நின்றால், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்ணளவில் ஊற்றிப் பழகியவர்கள் தாங்கள் ஊற்றுவதைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். அதனால்தான் இந்தக் கணக்கை முதலில் வைக்கிறோம்.

தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும்?

ஹார்வர்டு பொது சுகாதாரப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டுப் படம் நினைவில் வைக்க எளிது: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம். உருளைக்கிழங்கு இதில் காய்கறிக் கணக்கில் வராது. அதைச் சோறு, ரொட்டி இருக்கும் பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்.

அடுப்படிக் கணக்கில் இதைச் சொன்னால்: நான்கு பேருக்கு நறுக்கிய பச்சைக் காய் 600 முதல் 700 கிராம், அரிசி 250 கிராம், பருப்பு என்றால் உலர்ந்த நிலையில் 160 முதல் 200 கிராம். 250 கிராம் அரிசி வெந்தபின் ஏறக்குறைய 700 கிராம் ஆகும். ஆளுக்கு 175 கிராம் சோறு, அதாவது சுமார் 230 கலோரி. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் தேவை என்பதால், இரவிலேயே 150 கிராம் சேர்ந்துவிட்டால் மீதி சிரமமில்லை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. காயைக் கூட்டுவார்கள், ஆனால் உலையில் போடும் அரிசியைக் குறைக்க மாட்டார்கள். சோறு மீந்தால் வீணாகிறதே என்று இன்னொரு கரண்டி தட்டில் விழும். அளவைக் குறைக்க வேண்டிய இடம் தட்டல்ல, பானை. பரிமாறும்போதும் முதலில் காய், அடுத்து புரதம், கடைசியில் சோறு அல்லது ரொட்டி என்று வைத்துப் பாருங்கள். தட்டில் இருக்கும் இடம் தானாகவே அளவைச் சொல்லும்.

எண்ணெயைக் குறைத்தால் அடிப்பிடிக்கிறது, ருசியும் வரவில்லை. என்ன செய்வது?

அடிப்பிடிப்பதற்கு எண்ணெய்க் குறைவு மட்டுமே காரணமல்ல. வாணலி சூடாகும் முன் பொருளைப் போடுவது, கழுவிய ஈரத்தோடு காயைக் கொட்டுவது, சின்ன வாணலியில் அதிகம் அடைப்பது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். இரும்பு அல்லது எவர்சில்வர் வாணலியைக் காயவைத்து, பிறகு எண்ணெய் ஊற்றி, அது லேசாக ஓடத் தொடங்கியதும் பொருளைச் சேருங்கள். நான்ஸ்டிக் வாணலியை மட்டும் வெறுமையாகச் சூடாக்கக் கூடாது. அதன் பூச்சு கெடும்.

நான்கு பேருக்கான குழம்புக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அளவு கரண்டியில் அது 15 மில்லி, ஏறக்குறைய 120 கலோரி. இரண்டு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, மிதமான தீயில் மூடி வையுங்கள். உப்பு வெங்காயத்து நீரை வெளியே இழுக்கும். அந்த நீரிலேயே அது வெந்துவிடும். ஐந்தாறு நிமிடம் கழித்து மூடியை எடுத்து நிறம் வரும்வரை கிளறுங்கள். அடியில் பழுப்பாகப் பிடிக்கத் தொடங்கும்போது எண்ணெய் பாட்டிலைத் தேடாமல் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்புப் படலத்தில்தான் ருசி இருக்கிறது, அது குழம்போடு சேர வேண்டும். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் நிறைய எண்ணெயில் வதக்கிய வெங்காயத்துக்கு மிக அருகில் வரும்.

மசாலாப் பொருள்களின் மணம் பெரும்பாலும் கொழுப்பில் கரைவது. இருக்கிற கொஞ்சம் எண்ணெயிலேயே பொடியைப் போட்டு முப்பது நொடி சிறுதீயில் புரட்டிய பிறகு தண்ணீரோ தக்காளியோ சேருங்கள். தண்ணீரில் நேரே கொட்டிய பொடி பச்சை வாசனை அடிக்கும். "எண்ணெய் குறைத்ததால் ருசி போச்சு" என்பதில் பாதி இதுதான்.

எண்ணெயே இல்லாமல் சமைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. காரட், பூசணி, கீரை இவற்றில் இருக்கும் கரோட்டின் உடலில் சேர கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

எந்த எண்ணெய் நல்லது?

நிறைவுற்ற கொழுப்பு குறைவாக உள்ளவை: சூரியகாந்தி, கடுகு, ஆலிவ், சோயா, நிலக்கடலை. வெண்ணெயில் ஏறக்குறைய பாதியும் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு. இவற்றை மணத்துக்காக, கடைசியில், தேக்கரண்டியால் அளந்து சேருங்கள். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். நல்ல எண்ணெய் என்பதற்காகத் தாராளமாக ஊற்றினால் எடைக் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை.

உப்பைக் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள்.

ஒரே நாளில் பாதியாக்கினால் அப்படித்தான் ஆகும். நாக்கு குறைந்த உப்புக்குப் பழகச் சில வாரங்கள் எடுக்கும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைத்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. இதற்கும் அளவு கரண்டி வேண்டும். கையால் அள்ளிப் போட்டால் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க முடியாது.

தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் உப்பு 5 முதல் 6 கிராம். நாள் முழுதுக்கும் ஆளுக்கு 5 கிராமுக்குள் என்றால், நான்கு பேரின் இரவுச் சாப்பாடு முழுவதற்கும் அந்த ஒரு தேக்கரண்டியே இலக்கு. குழம்பு, காய், சாலட், பக்கத்தில் வைக்கும் ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு. சூப் கட்டிகளின் எடையில் பெரும்பங்கு உப்பே. இவற்றைச் சேர்க்கும் நாளில் தனியாக உப்புப் போடாமல் ருசி பார்த்து முடிவெடுங்கள்.

உப்பு குறைந்த இடத்தை நிரப்புவது புளிப்பும் வறுத்த மணமும்தான். அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தாலோ ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தாலோ உப்பு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். தக்காளியை எண்ணெய் பிரியும்வரை சுண்ட வதக்குவது, காளானைப் பழுப்பாக வறுப்பது, மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடிப்பது இவையும் அதே வேலையைச் செய்யும். எல்லா வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதைவிட, சோற்றை உப்பில்லாமலும் குழம்பை வழக்கமான ருசியிலும் வைப்பது வீட்டில் எளிதாக எடுபடும்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் இழுத்துக்கொள்ளும் என்பது சரியல்ல. கிழங்கு உப்பு நீரைத்தான் உறிஞ்சும். மீதமுள்ள நீரின் உப்புச் செறிவு அப்படியே இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த பருப்போ காயோ சேர்த்து மொத்த அளவைக் கூட்டுவதே வழி.

இந்துப்பு, கல்லுப்பு, சோடியம் குறைந்த உப்பு?

இந்துப்பிலும் கல்லுப்பிலும் எடைக்கு எடை சோடியம் கிட்டத்தட்ட அதேதான். அயோடின் சேர்த்த உப்பைக் கைவிட வேண்டாம். பொட்டாசியம் கலந்து சோடியத்தைக் குறைத்த உப்பை வீட்டுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வழிகாட்டியது. ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

காய் சமைத்தால் குழைந்து, நிறம் மங்கிப் போகிறது.

நேரம் கூடுதலாகப் போவதும் புளிப்பு முன்கூட்டியே சேர்வதும் காரணம். பச்சைக் காயில் புளிப்பு பட்டால் பச்சையம் மாறி மங்கிய பாசி நிறமாகும். தக்காளி, எலுமிச்சை எல்லாம் காய் வெந்தபின் வரட்டும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடாதீர்கள்: பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் வைட்டமின் பி1-உம் சி-யும் அழியும், காயும் கூழாகும்.

ஆவியில் வேகவைத்தால் கீரைக்கு 2 முதல் 3 நிமிடம், பூக்கோசுக்கும் ப்ராக்கோலிக்கும் 5 நிமிடம், பீன்ஸுக்கு 6 முதல் 7 நிமிடம், வட்டமாக நறுக்கிய காரட்டுக்கு 7 முதல் 8 நிமிடம். நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினும் அந்த நீரோடு போகும். அதே நீர் சூப்பிலோ பருப்பிலோ சேர்ந்தால் இழப்பு குறைவு.

காய் பிடிக்காதவர்கள் இருக்கும் வீட்டில் ஓவனில் வாட்டிப் பாருங்கள். 500 கிராம் காய்க்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறி, 200 முதல் 220 டிகிரி செல்சியஸில் 20 முதல் 30 நிமிடம். தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்ப வேண்டும். நெருக்கினால் வெளிவரும் நீராவியில் அவை அவிந்துவிடும், ஓரம் முறுகாது. ஓவன் இல்லையென்றால் அகன்ற வாணலியில் இரண்டு தடவையாகப் பிரித்து வாட்டலாம்.

உறைந்த காய்கறி மட்டம் என்று நினைக்க வேண்டாம். பறித்த சூட்டோடு உறைய வைப்பதால், நாலைந்து நாள் ஃபிரிட்ஜில் வாடிய காயைவிட அதில் சத்து பெரும்பாலும் குறையாது. உருகவிடாமல் நேரே சூடான வாணலியில் போடுங்கள்.

முழுத்தானியம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். பழுப்பரிசியை ஒரு மணிநேரம் ஊறவைத்து, முதலில் அதை மட்டும் இருபது நிமிடம் வேகவிட்டு, பிறகு வெள்ளை அரிசியைச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், மற்றது நறுக்கென்று நிற்கும். அந்த நறுக்கைத்தான் வீட்டில் பலரும் "பிடிக்கவில்லை" என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பங்கைக் கூட்டலாம்.

முழுக்கோதுமை மாவுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். தவிடு மெதுவாகத்தான் நீரை இழுக்கும் என்பதால் பிசைந்து அரை மணிநேரம் மூடி வையுங்கள். கடை ரொட்டியில் பழுப்பு நிறத்தை நம்பாமல், பொருள் பட்டியலில் முதலில் முழுக்கோதுமை இருக்கிறதா என்று பாருங்கள். நார்ச்சத்தை ஒரே வாரத்தில் ஏற்றினால் வயிறு உப்பும், ஆகவே மெதுவாக. தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

இறைச்சி இல்லாமல் புரதம் போதுமா?

போதும், அளவு சரியாக இருந்தால். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். தண்ணீராக ஓடும் பருப்புச் சாற்றில் இந்த அளவு கிடைக்காது. கிண்ணத்தில் கரண்டி போட்டால் பருப்பு தட்டுப்பட வேண்டும்.

பருப்பிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை, குடைமிளகாய், தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ளவை அதே சாப்பாட்டில் இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ குடித்தால் குறையும். ஒரு மணிநேரம் இடைவெளி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ராஜ்மா எனும் சிவப்பு பீன்ஸைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குறைந்தது ஐந்து மணிநேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வையுங்கள். ஊறவைத்ததைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகும் மின்பாத்திரத்தில் நேரே போடுவது ஆபத்து. அந்தச் சூடு லெக்டினை அழிக்கப் போதாது.

பயறு எவ்வளவு நேரமானாலும் வேகவில்லை என்றால் மூன்றில் ஒன்று: பழைய சரக்கு, கடின நீர், அல்லது தக்காளியோ புளிப்போ முன்பே சேர்த்தது. டின் பயறு வாங்கினால் நீரை வடித்து நன்றாக அலசுங்கள். உப்பில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

இறைச்சியும் மீனும்?

கொத்திய இறைச்சி 500 கிராம் சேர்க்கும் இடத்தில் 300 கிராமாக்கி, 200 கிராம் வெந்த பருப்போ பொடியாக நறுக்கி வறுத்த காளானோ சேருங்கள். முதல் தடவையே பலருக்கு வித்தியாசம் தெரியாது. கோழியில் தோலை எடுத்துவிட்டுச் சமையுங்கள். உள்சூடு 74 டிகிரி வரவேண்டும். மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன்கள் வாரத்தில் ஒருமுறையாவது நல்லது. சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதல் என்பதால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும்.

சாசேஜ், பேக்கன், ஹாம் ஆகியவற்றை வீட்டின் வாடிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று திட்டமாகச் சொல்வோம். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் வகைப்படுத்தியது.

குழந்தை காயைத் தொடவே மாட்டேன் என்கிறது.

ஒரு புதிய காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுவதுதான் நடக்கிறது. ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் தட்டின் ஓரத்தில் வையுங்கள். தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் கையில். எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள்.

"காயைத் தின்றால் இனிப்புத் தருவேன்" என்று சொல்லவே கூடாது. காய் தண்டனை, இனிப்பு பரிசு என்று அது கற்றுக்கொள்ளும். அதைவிடப் பலன் தருவது, பசி அதிகமாக இருக்கும் நேரத்தில், சாப்பாடு தயாராவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால், வெள்ளரி, காரட் துண்டுகளை மட்டும் கையில் கொடுப்பது. சாறில் அரைத்துச் சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் அதோடு நிறுத்தாமல் அதே காயைக் கண்ணில் படும்படியும் வையுங்கள்.

வறுத்துப் பொரித்ததை அடியோடு விட வேண்டுமா?

வேண்டாம். வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் 175 முதல் 180 டிகிரியில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் பொருள் எண்ணெய் குடிக்கும். கிழங்கைப் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கரும்பழுப்பாகும்போது அக்ரிலமைடு என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் வேதிப்பொருள் கூடுகிறது. நுரைத்த, கறுத்த, பிசுபிசுத்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள்.

வேலை முடிந்து வந்து இவ்வளவும் செய்ய நேரமில்லை.

விடுமுறை நாளில் ஒரு மணிநேரம் ஒதுக்கி இரண்டே வேலை செய்யுங்கள். 500 கிராம் பயறை வேகவைத்து நான்கு டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள், மூன்று மாதம் தாங்கும். எட்டு வெங்காயமும் ஒரு கிலோ தக்காளியும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சுண்ட வதக்கி அதையும் பிரித்து உறைய வையுங்கள். ஒரு டப்பா பயறு, ஒரு டப்பா வதக்கல், ஒரு பை உறைந்த காய் இருந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பாடு தயார்.

கடை சாஸ் வாங்குவதானால் லேபிளில் சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வரும். 100 கிராமுக்கு 1.5 கிராமைத் தாண்டினால் அது அதிக உப்பு.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

சமைத்த இரண்டு மணிநேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். குழம்பும் காயும் மூன்று நாள் வரை சரி. சோற்றில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டிலும் சாகாது. சோறு அறைச் சூட்டில் கிடந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகன்ற தட்டில் பரப்பி ஒரு மணிநேரத்துக்குள் ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள்.

ஒருவருக்குச் சர்க்கரை நோய், ஒருவருக்கு இரத்த அழுத்தம், வளரும் பிள்ளையும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். தனித்தனியாகச் சமைப்பதா?

அடுப்பில் ஒரே பானை போதும். பிரிப்பது கடைசி ஐந்து நிமிடத்தில். பயறும் காயும் உப்பில்லாமல் வேகட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கான பங்கை முதலில் எடுத்து மசித்துவிடுங்கள், அதற்கு உப்பே வேண்டாம். பிறகு மொத்தப் பானைக்கும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஏற்ற குறைந்த உப்பைப் போடுங்கள். கூடுதல் வேண்டுமென்பவர் தட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். வளரும் பிள்ளைக்கு அதன்மேல் ஒரு முட்டையும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் கூட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவரின் தட்டில் சோறு கால் பங்கைத் தாண்டாமல், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். அவர் இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவரானால், சோற்றின் அளவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு மாறாமல் சோறு மட்டும் குறைந்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும்.